சூனியக்காரி தும்மிய மதியம்

என் மனைவி மரியாவுக்குப் பயப்படாதவர்கள் பாடாங் மேஹா ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் அதிகம் பேர் கிடையாது. அந்தச் சொற்பப் பேரில் தயவுசெய்து என்னைச் சேர்த்துவிட வேண்டாம். பால் வடிக்க மரம் வெட்டப் போன இடத்தில் மரத்தடியில் சுருண்டு கிடந்த நாகத்தை, வாளி தூக்கும் காண்டாக் கம்பால் ஒரே போடு போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த மரத்துக்குப் போனவள் அவள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவன் குமரிப் பெண்களிடம் வாய்க்கு வந்தபடி பேசினான் என்று, அத்தனை பேர் முன்னால் அவன் தொப்பியைப் பிடுங்கிப் பால் வாளிக்குள் அமுக்கியவளும் அவள்தான். அந்த மண்டோர் அதற்குப் பிறகு பெண்களை எல்லாம் அம்மா என்றே கூப்பிட்டான்.

இப்படிப்பட்டவள் சினிமாக் கொட்டகைப் பக்கம் மட்டும் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள். இது எனக்குக் கல்யாணமான சில நாளிலேயே தெரிந்தது.

எழுபத்து மூன்றாம் ஆண்டு. நான் பால் லோரி ஓட்டிக்கொண்டிருந்த காலம். புது மாப்பிள்ளை முறுக்கில் குலிம் பட்டணத்துக்கு அவளைப் பஸ்ஸில் அழைத்துப் போய், தமிழ்ப் படத்துக்கு நல்ல இடமாகப் பார்த்து டிக்கெட் எடுத்தேன். கொட்டகை வாசல்வரை சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவள், உள்ளே போகும் கறுப்புத் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நீங்க போயிப் பாத்துட்டு வாங்க. நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன்" என்றாள்.

"கல்யாணமாயி ஒரு வாரம்கூட ஆவல. நான் மட்டும் தனியாப் போயி உக்காந்தா பாக்குறவன் என்ன நெனப்பான்?"

"என்னமோ நெனச்சிக்கட்டும். என்னால முடியாதுங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. டிக்கெட்டைக் கிழித்துப் போட்டேன். பிறகு இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, ஐஸைத் துருவிப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் சாப்பிட்டோம். அது கரைந்து தண்ணீராகும்வரை கரண்டியால் கிண்டிக்கொண்டே அவள் அந்தக் கதையைச் சொன்னாள். அதற்கு முன்பு அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்தது. தம்பி சிரிலுக்கு அப்போது ஆறு வயது. கிறிஸ்துமஸ் அன்று எஸ்டேட் லோரியில் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் குலிம் கோயிலுக்குப் பூசைக்குப் போவார்கள். அந்த வருஷம் துரை பிள்ளைகளுக்கு ஒரு விருந்து வைத்திருந்தார். பூசை முடிந்ததும் பெரியவர்கள் சாமான் வாங்கப் பாசாருக்குப் போகலாம், பிள்ளைகள் எல்லாம் இலவசமாக ஒரு படம் பார்க்கலாம். இங்கிலீஷ்ப் படம், அதுவும் மனிதர்கள் நடிக்காமல் ஓவியங்கள் ஓடி ஆடும் படம். நம் பிள்ளைகள் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. "தம்பி கைய விட்றாத" என்று சொல்லி அம்மா உள்ளே அனுப்பினாள்.

படத்தில் ஒரு சூனியக்காரி ஊரின் விடியலைத் திருடி ஒரு ஜாடிக்குள் அடைத்துவிடுகிறாள். ஊரே இருட்டாகிவிடுகிறது. கோயில் மணி அடிப்பவரின் மகள், ஒரு முள்ளம்பன்றியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அதைத் தேடிப் போகிறாள். அவ்வளவுதான் மரியாவுக்குத் தெரிந்த கதை. ஏனென்றால் கிணற்றுக்குள்ளிருந்து முதலில் இரண்டு நீளமான கைகளும், பிறகு திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு சூனியக்காரியின் முகமும் வந்தபோது, கொட்டகையிலிருந்த பிள்ளைகள் எல்லாம் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தன. மரியாவும் எழுந்தாள். பக்கத்து இடத்திலிருந்த கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கும்பலோடு கும்பலாக வெளியே ஓடினாள். வெயிலுக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். கையைப் பிடித்திருந்தது சிரில் இல்லை. அடுத்த லயத்துப் பையன் கிளாரன்ஸ்.

அது எப்படி என்று யாரும் கேட்க வேண்டாம். அந்தக் காலத்துத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். எஸ்டேட் கடையில் கிறிஸ்துமஸுக்கென்று ஒரே ஒரு கட்டுத் துணி வரும். அந்த வருஷம் நீலக் கட்டம் போட்ட துணி. தையல்காரர் சின்னையாவும் ஒரே ஆள்தான். ஒரே துணியில், ஒரே அளவில், கொஞ்சம் தொளதொளவென்று எல்லாப் பையன்களுக்கும் சட்டை தைத்துக் கொடுத்துவிடுவார். பூசைக்கு நிற்கும்போது பையன்கள் வரிசையைப் பார்த்தால் அனாதை இல்லத்துப் பிள்ளைகள் போல இருக்குமாம். பெற்ற தாயே பின்னாலிருந்து அடையாளம் தெரியாமல் வேறு பிள்ளையின் தலையில் குட்டியது உண்டு. இருட்டில் பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது ஒரு நீலக் கட்டச் சட்டை மட்டும்தான்.

உள்ளே ஓடப் பார்த்தாள். வாசலில் பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தன. அழுதாள், கத்தினாள். பாசாரிலிருந்து பெரியவர்கள் ஓடி வந்து தேடினார்கள். வெகுநேரம் கழித்து, கொட்டகைக்குப் பின்பக்கத்துச் சாலையில், சாக்கடை ஓரமாகச் சிரில் கிடந்தான். மூட்டை ஏற்றி வந்த சைக்கிள் ஒன்று மோதி அவன் இடது கால் முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை வெட்டிவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்த, முறிவுக் கட்டுப் போடுகிறவர் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். முட்டையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டிய கால் கோணலாகக் கூடிவிட்டது. அன்றிலிருந்து சிரில் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறான். அவன் கட்டுக்காரர் வீட்டில் கிடந்த அன்றைக்கு, வீட்டில் அப்பா பரஞ்சோதி பெல்ட்டைக் கழற்றினார். ஒவ்வொரு அடிக்கும் ஒரே கேள்விதான். "கையில புடிச்ச புள்ள யாருன்னுகூடத் தெரியாதா ஒனக்கு?"

இதைச் சொன்னபோது மரியா அழவில்லை. "அப்பா கேட்டது நியாயந்தானேங்க?" என்று என்னிடம் கேட்டாள். நான் எல்லாக் கணவன்மாரும் சொல்வதைத்தான் சொன்னேன். நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும், அது கடவுள் விட்ட வழி என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. கிளாரன்ஸின் குடும்பம் அடுத்த மாதமே பேராவுக்குக் குடிபோய்விட்டதாம். அந்த நாளைப் பற்றி அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்ததில்லை. யாராவது கேட்டால் "கூட்டத்துல தொலஞ்சிட்டான்" என்று அம்மா சொல்லுவாள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

கல்யாணத்துக்கு மரியா போட்ட ஒரே நிபந்தனை என்னவென்று இப்போது உங்களுக்குப் புரியும். தம்பியும் கூடவே வருவான். ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். எனக்கு வாய்த்தது வீட்டோடு மச்சான். அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போன பிறகு அவள் பிடி இன்னும் இறுகியது. கோழிக் கறி வைத்தால் ஈரல் அவனுக்கு. மழைக்காலத்தில் கால் குடையும் என்று தைலம் காய்ச்சித் தேய்த்துவிடுவாள். நான் லோரியிலிருந்து விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த அன்றைக்கு, "அந்தத் தைலத்தத் தொடாதீங்க, அது தம்பிக்கு" என்றாள். இதை நான் மறக்கவே மாட்டேன், கல்லறைக்குள்ளும் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

ஆனால் சிரில் நல்லவன். அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். மரம் வெட்டக் காலில்லை என்று குலிமில் ரேடியோ ரிப்பேர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ரேடியோ போய் டிவி வந்தது, டிவிக்குப் பின்னால் வீடியோ வந்தது, எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்துவிடுவான். தோட்டத்தில் எந்த வீட்டுப் பெட்டி கரகரத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாத ஆள். பிள்ளைகள் அவனைச் சுற்றித்தான் கிடக்கும். கால் சாய்வதைப் பற்றி அவன் கவலைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கவலைப்பட்டது எல்லாம் அவள்தான்.

எண்பத்து ஆறாம் ஆண்டு வீட்டுக்குள் புயல் அடித்தது. அலோர் ஸ்டாரில் நடந்த கோயில் பாடகர் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டப்போன சிரில், அங்கே ஜித்ராவைச் சேர்ந்த பேட்ரிசியா என்ற பெண்ணைப் பார்த்திருக்கிறான். பாலர் பள்ளி ஆசிரியை. அப்பா இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் அவள் ஜித்ராவை விட்டு எங்கும் வர முடியாது. அப்பா விட்டுப்போன சிறிய மின்சாமான் கடை பூட்டிக் கிடக்கிறது, மாப்பிள்ளை வந்து திறந்துகொள்ளலாம் என்றார்கள். சிரிலுக்கென்றே தைத்த சட்டை போல எல்லாம் பொருந்தி வந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. அக்காவிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. என்னைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், நீங்க சொன்னா அக்கா கேக்கும்."

"எந்த ஊருல? ஒங்கக்கா நான் சொல்லி எதக் கேட்டுருக்கா?"

"ட்ரை பண்ணுங்கலா மச்சான். ப்ளீஸ்லா. எனக்காக."

சொன்னேன். அகப்பை என் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. "கால் முடியாதவன அவ்ளோ தூரம் அனுப்பிட்டு நான் இங்க நிம்மதியாச் சோறு திங்கவா? அங்க ரோட்டுல ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா யாரு பாப்பா? ஒரு தடவ விட்டது பத்தாதா?" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அவள் சிரிலை மறுக்கவில்லை, தன்னைத்தான் நம்ப மறுத்தாள். ஜித்ராக்காரர்கள் இரண்டு தடவை கேட்டு அனுப்பிவிட்டார்கள். இந்த மாதத்துக்குள் ஒரு பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார்கள். சிரில் முதன்முதலாக வீட்டில் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனான். அவன் அப்படிப் போவதைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மகள் செலஸ்டின் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை வந்தது. ஞாயிற்றுக்கிழமை குலிம் கோயிலில் பூசை. வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாகப் பிள்ளை தேவதை மாதிரி இருந்தாள். வீட்டில் நெய்ச்சோறும் கோழிக் கறியும். சாப்பாடு முடிந்து பெரியவர்கள் எல்லாரும் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மட்டும் பாயில் உருண்டுகொண்டிருந்தன. சிரில் காலையிலேயே கடையிலிருந்து வீடியோ இயந்திரத்தைச் சாரத்தில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். இப்போது முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த ஒரு பொட்டலத்தைச் செலஸ்டின் பாப்பாவிடம் நீட்டினான்.

புத்தம் புதுக் கேசட். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. பாப்பா பல்லால் கடித்து அதைக் கிழித்தாள். அட்டையில் ஒரு பெண், பக்கத்தில் ஒரு முள்ளம்பன்றி. அவர்களுக்குப் பின்னால் ஒரு கிணறு, கிணற்றிலிருந்து நீண்டு வரும் இரண்டு கைகள்.

நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். கேசரித் தட்டோடு அடுக்களை வாசலில் மரியா நின்றுகொண்டிருந்தாள். அவளும் அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"இது எதுக்குடா? வேற படம் இல்லியா?" என்று அவசரமாகக் கேட்டேன்.

"என்ன மச்சான் இப்படிச் சொல்லிட்டீங்க! இத எத்தினி வருஷமாத் தேடுனேன் தெரியுமா? பழைய படம், இப்பத்தான் வீட்டுல போட்டுப் பாக்குற மாதிரி கேசட்டா வுட்டுருக்காங்க. பினாங்குல சொல்லி வச்சி வாங்குனேன்." பாப்பாவின் பூமுடியைச் சரிசெய்துவிட்டு, "இது நானும் ஒங்கம்மாவும் சின்னப் புள்ளையில பாத்த படம், தெரியுமா?" என்றான்.

மரியா தட்டை மேசையில் வைத்துவிட்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஜித்ராவுக்கு விடமாட்டேன் என்றதற்குத் தம்பி பழி தீர்க்கிறான், எத்தனையோ வருஷமாக உள்ளே வைத்திருந்ததை இன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்டப் போகிறான் என்று நினைத்தாளாம். காட்டட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று நின்றாளாம். எனக்கு இது எதுவும் அப்போது தெரியாது. இவள் மயங்கி விழுந்தால் பிடிக்க வேண்டுமே என்று மட்டும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

படம் ஓடியது. அடியில் மலாயில் எழுத்துகள் வர, பெரிய பிள்ளைகள் படித்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். முள்ளம்பன்றி வழுக்கி விழுந்ததற்கெல்லாம் வீடே அதிர்ந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை. மரியாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலைச் சட்டத்தை அவை பிடித்திருந்த பிடியில் நகமெல்லாம் வெளுத்திருந்தது.

கிணறு வந்தது. கைகள் வந்தன. முகம் வந்தது. பிள்ளைகள் வீல் என்று கத்தின. செலஸ்டின் ஓடிப்போய் மாமன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் சுவிட்சை அணைக்க ஓரடி வைத்தேன். அதற்குள் சிரில் ஒரு பொத்தானை அமுக்கினான். சூனியக்காரி வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுவிட்டாள். முகத்தின் குறுக்கே இரண்டு கோடுகள் நடுங்கின.

"அடச்சீ, இவளுக்குப் போயா பயப்படுற? கண்ணத் தொறந்து பாரு பாப்பா. இப்ப அந்தப் பொண்ணு ஜாடிய ஒடைக்கும். வெளிச்சம் வரும். வெளிச்சம் பட்டதும் இவளுக்கு மூக்கு அரிக்கும். அச்சு! அச்சு! ஒவ்வொரு தும்மலுக்கும் இத்துனூண்டு இத்துனூண்டாச் சின்னதாப் போயி, கடைசியில கொசுவாயி, முள்ளம்பன்னி முதுகுல உக்காரப்போயி முள்ளு குத்தி ஓடுவா. நீயே பாரு!"

அவன் தும்மிக் காட்டியதில் பிள்ளைகள் பயத்தை மறந்து உருண்டு உருண்டு சிரித்தன. எல்லாரும் ஆளுக்கு ஒரு தும்மல் போட்டார்கள்.

"ஒனக்கு எப்படிடா தெரியும்?"

மரியாவின் குரல் அது. அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"எதுக்கா?"

"இதுக்கப்புறம் நடக்கறது. கடையில போட்டுப் பாத்தியா?"

"எங்க பாத்தேன்? ஒறையே இப்பத்தானே பாப்பா கிழிச்சா. அன்னிக்குக் கொட்டாயில பாத்ததுதான்கா. மறக்குற படமா இது?"

"அன்னிக்கு நான் ஒன்ன பாதியில விட்டுட்டு ஓடிட்டேன். நீ கூட்டத்துல சிக்கித் தொலஞ்சிட்ட."

சிரில் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "நான் எங்கக்கா தொலஞ்சேன்? நான் ஒம்பக்கத்துலயே இல்லியே. பெரிய பசங்க தலை மறைச்சிச்சி. வெளக்க அணைச்சதும் கீழ குனிஞ்சி நழுவிட்டேன், முன்னாடி பெஞ்சிக்கு. நீ தேடுவியேன்னு கிளாரன்ஸ்கிட்ட என் கச்சாங் கடலைப் பொட்டலத்தக் குடுத்து என் எடத்துல உக்கார வச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டை, ஒனக்கு எங்க தெரியப் போவுதுன்னு." சொல்லிவிட்டு வெட்கமாகச் சிரித்தான். "எல்லாப் புள்ளையும் கத்திக்கிட்டு ஓடுச்சி. நான் அசையலியே. தும்மி முடிச்சி, கடைசிப் பாட்டுவரைக்கும் பாத்துட்டு, சைடு கதவு வழியாத்தான் வெளிய வந்தேன். ஒருத்தரையும் காணோம். லோரி வுட்டுட்டுப் போயிடுமேன்னு கண்ணு மண்ணு தெரியாம ஓடுனேன். அப்பத்தான் சைக்கிள்காரன் வந்து சாத்திட்டான்."

"ஏன்டா சொல்லல?"

"மொதல்ல அப்பா அடிப்பாருன்னு பயம். அப்புறம் யாரும் கேக்கவே இல்ல. அம்மா கூட்டத்துல தொலஞ்சிட்டான்னு சொல்லும், சரி, நல்லதாப் போச்சின்னு இருந்துட்டேன். ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்கா. அவன் கைய இழுத்தது நீதானாமே, அது கிளாரன்ஸ்னு பாத்துருப்ப. எடம் மாறுனது தெரிஞ்சிருக்கும்னு..."

"அப்பா அடிச்சாருடா" என்றாள் மரியா.

"யார?"

"என்னத்தான். கையில புடிச்ச புள்ள யாருன்னு தெரியலியான்னு கேட்டுக் கேட்டு அடிச்சாரு."

சிரிலின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவன் மடியில் இருந்த பாப்பாவை மெதுவாக இறக்கிவிட்டு எழுந்தான். "ஒன்னையா? நான் செஞ்சதுக்கு ஒன்னையா அடிச்சாரு?" என்றான். வாய் கோணியது. அந்த நேரம் பார்த்து, நிறுத்தி வைத்திருந்த இயந்திரம் பொறுத்தது போதும் என்று தானாகவே ஓட ஆரம்பித்தது. ஜாடி உடைந்தது, வீடெல்லாம் மஞ்சள் வெளிச்சம் அடித்தது, சூனியக்காரி தும்ம ஆரம்பித்தாள். பாயில் பிள்ளைகள் தும்முகிறார்கள், திரையில் அவள் தும்முகிறாள், நடுவில் முப்பது வயது தாண்டிய ஓர் ஆம்பிளை கேவிக் கேவி அழுகிறான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மரியா தோளில் கிடந்த துண்டை உருவினாள். சிரிலின் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு இன்னொன்று. "திருட்டுப் பயலே! கச்சாங் குடுத்து ஆள மாத்துனியா? ஒடச்சிக்கிட்டது நீ, ஒதை வாங்குனது நானா?" அடிக்க அடிக்க அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டே, "அடிக்கா, நல்லா அடி" என்றான். பிள்ளைகளுக்குப் படத்தை விட இது வேடிக்கையாக இருந்தது. துண்டைப் போட்டுவிட்டு அவன் தலையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று விலகி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒரு பாத்திரமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். குழாயை மூடினேன்.

"நான் விடலங்க" என்றாள். "அவன் என் கையிலயே இல்லங்க. நான் யாரையும் விடலங்க."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆமா, ஆமா என்று நான் தலையாட்டினேன். என் கண்ணும் பொல்லாத கண், அது பாட்டுக்கு ஒழுகியது. அத்தனை வருஷம் நான் நூறு விதமாகச் சொல்லியும் இறங்காத பாரம், நாலு தும்மலில் இறங்கிவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இந்தப் படுபாவி ஒரு நாள், ஒரே ஒரு நாள், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தால் என்ன? ஆனால் அவனை என்ன குறை சொல்வது? யாருமே கேட்காத ஒன்றை அவன் எப்படிச் சொல்லுவான்? அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு பாதியை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். "மொதல்லேருந்து போடுடா" என்றாள். பிள்ளைகளை நகர்த்திவிட்டுப் பாயின் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்தாள். முழுப் படத்தையும் பார்த்தாள். கிணற்றுக் காட்சி வந்தபோது அவள் கண்ணை மூடவில்லை. "அட, மூக்கப் பாருங்க, கொழக்கட்ட மாதிரி! இவளப் பாத்தா நான் ஓடுனேன்?" என்று என்னைக் கேட்டாள். கொசு முள்ளம்பன்றியிடம் குத்துப்பட்டுப் பறந்ததும் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தது அவள்தான். படம் முடிந்து கேசட் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஜித்ராவுக்கு எத்தன பஸ் மாறணும்?" என்றாள். சிரிலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் எழுந்து போய்க் கேசரியில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஜித்ராவுக்குப் போனோம். பேட்ரிசியா அமைதியான பெண். ஆனால் சிரில் ஏதோ உளறியதற்கு அவள் கண்ணால் அடக்கிய விதத்தைப் பார்த்ததும், இவன் நல்ல கையில்தான் போய்ச் சேருகிறான் என்று எனக்கு நிம்மதி வந்தது. பலகாரம் சாப்பிட்டு, கடையைச் சுற்றிப் பார்த்து, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பெண்ணின் அம்மா, சாய்வு நாற்காலியில் படுத்தபடி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. தம்பிக்குக் கால் எப்படி இப்படி ஆச்சு?"

கேட்க வேண்டிய கேள்விதான். பெண்ணைப் பெற்றவர் கேட்காமல் யார் கேட்பார்? ஆனாலும் நான் மரியாவைத்தான் பார்த்தேன். சிரில் வாயைத் திறந்தான். மரியா கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இவனுக்கு ஆறு வயசுல படம் பாக்கப் போனோங்க. என்னை ஏமாத்திட்டுத் திருட்டுத்தனமா எடம் மாறி உக்காந்தான். படம் முடிஞ்சதும் ரோட்டப் பாக்காம ஓடுனான், சைக்கிள் இடிச்சிருச்சி" என்றாள். "அவனா ஓடி, அவனா விழுந்ததுதாங்க. யாரும் ஒன்னும் பண்ணல."

பெண்ணின் அம்மா சிரித்துவிட்டார். பேட்ரிசியாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மரியா காலிக் கோப்பையை நீட்டி, தேநீர் இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று கேட்டாள்.